மாதாவுக்கு இழுத்த வயர்

ஏரியூர் காவல் நிலையத்தின் பின்பக்கம், வேப்பமரத்தடியில், எரிந்துபோன ஜீப்பின் முன் நின்று பெரியப்பா செபாஸ்டின் பேசிய பேச்சு கேத்தரினுக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. அவருடைய ஒரே மகன் ஆரோக்கிய பிரவீனை அடக்கம் செய்த மறுவாரம் அது. வண்டியை அடையாளம் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணனைத் தனியாக அனுப்பப் பயந்து, கேத்தரினின் அப்பா அவளைக் கூட அனுப்பியிருந்தார்.

முதலில் வாயைத் திறந்தவர் ஏட்டுதான்.

"ஐயா, கை வெக்காதீங்க. கரி ஒட்டும்."

"என் கையில கரி ஒட்டாத நாளு எதுங்க" என்றார் செபாஸ்டின்.

ஏட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்தார். செபாஸ்டின் பானெட்டுக்குள் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. அழுகிறாரோ என்று கேத்தரின் பக்கத்தில் போனாள். அழவில்லை. ஒரு வயரை விரலால் தடவிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார்.

"பாப்பா, இங்க வா. இது என்னா?"

"வயருங்க பெரியப்பா."

"எந்த வயரு?"

"எனக்கெப்பிடிங்க தெரியும்?"

"நான் போட்டதெல்லாம் இந்தப் பக்கமா வருது பாரு. பைப்புக்குள்ள வுட்டு கிளாம்பு அடிச்சிருக்கறன். பைப்பு உருகிப் போச்சு, உள்ள செம்பு அப்பிடியே இருக்குது. இது மட்டும் தனியா போவுது. பேட்டரி தலையிலருந்து நேரா. தகரத்து ஓட்டைல ரப்பர் வாஷர்கூட இல்ல. ஆடி ஆடித் தகரமே வயர அறுத்திருக்குது. நுனியப் பாரு."

நுனியில் செம்பு உருகிக் கடுகு மாதிரி திரண்டிருந்தது.

"இங்கதான் ஷார்ட் ஆயிருக்குது" என்றார்.

"இது நீங்க போட்டதில்லீங்களா?"

"நான் இப்பிடிப் போடுவனா?"

"அப்ப யாருங்க?"

அவர் வயரின் மறுமுனையைத் தேடி, டிரைவர் சீட்டுக்கு முன்னால் கையை விட்டார். மாதாவின் சின்னச் சுரூபச் சிலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் கட்டி கிடந்தது. வயர் அதற்குள் போய் முடிந்தது.

"மாதாவுக்குப் போயிருக்குது" என்றார். கையை வெளியே எடுத்துக்கொண்டு, "அணையாத வெளக்குக்கு நான் முடியாதுன்னுட்டன். அவங்கம்மா கேட்டாளேன்னு பிரவீனே இழுத்துருக்கான்" என்றார்.

கேத்தரின் அவர் பக்கம் திரும்பினாள். "பெரியம்மாவுக்கு இது..."

"தெரிஞ்சா உசுரோட இருக்கமாட்டா பாப்பா."

ஏட்டு திரும்பி வந்தார். "என்னங்க, ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க" என்றார் செபாஸ்டின். "மெயின் வயருக்கு ஃபியூஸ் போடாம வுட்டுட்டன். என் தப்புதானுங்க."

ஏட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "புள்ளையப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கறீங்க. உங்கள நான் என்னத்தங்க சொல்றது? வூட்டுக்குப் போங்க" என்றார்.

ஃபியூஸ் போட மறந்துவிட்டேன் என்று செபாஸ்டின் சொன்னால் நம்புவதற்கு அவரைத் தெரியாதவராக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் நம்பினார்கள் என்பதுதான் கேத்தரினுக்கு இன்றும் ஆறாமல் இருக்கிறது.

மாரண்டஹள்ளியில் தக்காளி போட்டுப் பிழைத்த குடும்பம் அவர்களுடையது. இருந்த நிலம் இரண்டு மகன்களுக்குப் போதாது என்று மூத்தவர் செபாஸ்டின் இளம் வயதிலேயே தொப்பூருக்குப் போனார். கணவாய் அடிவாரத்தில், தாபாக்களுக்கு நடுவே, லாரிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் ஒரு தகரக் கொட்டகையில் சேர்ந்தார். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன லாரிகளையும், எதிரே வருபவனுக்கு ஒற்றை விளக்கு மட்டும் காட்டிக்கொண்டு வந்து மோதிய லாரிகளையும் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அவரிடம் வந்த வண்டி ஒரு லைட்டு எரியாமல் திரும்பிப் போகாது. டிரைவர் அவசரம் என்று கத்தினாலும் சாவியைத் தரமாட்டார். "டயர் மாத்தற நேரத்துல இவரு நமக்குப் பிரசங்கம் வெக்கிறாரு" என்று டிரைவர்கள் சலித்துக்கொள்வார்கள். 'ஃபியூஸ் சாமியார்' என்பது அங்கே அவருக்கு விழுந்த பெயர். பேட்டரியை விட்டு வயர் கிளம்பிய இடத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும், ஒரு சாண் தள்ளிப் போட்டாலும் அந்த ஒரு சாண் உன்னைக் கொல்லும் என்பார்.

ராயம்மாளைக் கட்டி, பிரவீன் பிறந்து பள்ளிக்கூடம் போகும் வயதானதும் ஊர் திரும்பினார். பாலக்கோடு ரோட்டில் சொந்தமாகக் கொட்டகை போட்டார். காய்கறி வேன்களும் டிராக்டர்களும் வந்துகொண்டிருந்த இடத்துக்கு, எப்போதிலிருந்தோ பெங்களூர், ஓசூர்ப் பக்கத்து ஜீப்புகள் வர ஆரம்பித்தன. ஆற்றங்கரையிலும் மலையடியிலும் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களின் வண்டிகள். முதலில் வந்தவன் பெரிய பட்டியலே சொன்னான். கூரையில் கூடாரம், அதற்குள் ஒரு லைட்டு, பக்கவாட்டில் விரிக்கும் பந்தலுக்கு ஒரு லைட்டு, சமைக்கிற இடத்துக்கு ஒன்று, செல்போன் சார்ஜ், போதாததற்கு ஒரு ஃபிரிட்ஜ்.

அவன் போனதும் செபாஸ்டின் சிரித்தார். "வூடு வேணாம்னு ஓடியாந்து, வண்டி மேலயே வூடு கட்டிக்கறானுங்க."

"உங்களுக்கென்ன போச்சு? கட்டிக் குடுங்க" என்றாள் ராயம்மாள்.

கட்டிக் கொடுத்தார். அது பிடித்தும் போனது. வண்டியை ஸ்டார்ட் செய்கிற பேட்டரியிலிருந்து எந்த லைட்டுக்கும் கரண்ட் எடுக்கவே மாட்டார். பின்சீட்டுக்குக் கீழே இரண்டாவது பேட்டரி ஒன்றைத் தகரப் பெட்டிக்குள் இறுக்கி வைப்பார். என்ஜின் ஓடும்போது அது சார்ஜ் ஏறும். என்ஜின் நின்றால் நடுவில் இருக்கும் ரிலே இரண்டையும் பிரித்துவிடும். ராத்திரி முழுக்க லைட்டு எரிந்தாலும் காலையில் வண்டி கிளம்பும். ஒவ்வொரு லைட்டுக்கும் தனி ஃபியூஸ். எல்லாவற்றுக்கும் மேலே சிவப்புக் கைப்பிடி வைத்த ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். அதைத் திருப்பினால் வண்டியில் ஒரு சொட்டுக் கரண்டும் எங்கேயும் இருக்காது. பந்தலுக்கு வெள்ளை லைட்டு கேட்பவர்களிடம் மஞ்சள் போடச் சொல்லிச் சண்டை பிடிப்பார். வெள்ளைக்குப் பூச்சி வந்து சோற்றில் விழும் என்பார்.

வருகிறவர்கள் கன்னடத்தில் பேசினால் அவரே சமாளிப்பார். இங்கிலீஷ் என்றால் கேத்தரினுக்கு ஆள் வரும். அவள் அப்போது தர்மபுரியில் கல்லூரி முடித்து பாலக்கோட்டில் ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத பெண். அவர்கள் சொல்வதை இவரிடமும் இவர் சொல்வதை அவர்களிடமும் சொல்லிவிட்டு, தன் பங்குக்கு ஒரு வார்த்தையும் சேர்க்காமல் நிற்பாள். "எம் பாப்பா வாயி செம்புக் கம்பி மாதிரி. இந்தப் பக்கம் குடுத்தது அந்தப் பக்கம் அப்பிடியே போவும்" என்று பெரியப்பா எல்லோரிடமும் சொல்லுவார்.

பிரவீன் அப்பாவிடம் வேலை பழகவில்லை. பொறுமை கிடையாது. லாரியில் கிளீனராகப் போனான். ஒருநாள் தொப்பூர் இறக்கத்தில் அந்த லாரி கவிழ்ந்தது. டிரைவர் அங்கேயே போய்விட்டார். பிரவீன் கண்ணாடி வழியாகத் தூக்கியெறியப்பட்டு, தோளில் ஒரு கீறலோடு எழுந்து நின்றான். செய்தி வந்தபோது ராயம்மாள் சோற்றுக் கையோடு முழங்காலில் விழுந்து மாதாவுக்கு வேண்டிக்கொண்டாள். இனி என் பிள்ளை எந்த வண்டி ஓட்டினாலும் அதில் உனக்கு முன்னால் ஒரு விளக்கு அணையாமல் எரியும் என்று. வேளாங்கண்ணிக்குப் போய் அந்த வாக்கை உறுதி செய்துவிட்டும் வந்தாள்.

லாரி வேண்டாம் என்றான பின் பிரவீன் பழைய ஜீப் ஒன்றை வாங்கினான். ஏரியூரைத் தாண்டி, அணைத் தண்ணீர் ஏறி நிற்கும் கரையில் சென்றாயன் என்பவருக்குக் கொல்லை இருந்தது. அவரிடம் பேசி வைத்துக்கொண்டு, பெங்களூர்க்காரர்களை அங்கே கூட்டிப்போய்த் தங்கவைத்து, சமைத்துப் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவது தொழில். அந்த ஜீப்புக்கு செபாஸ்டின் பார்த்த வேலையைப் போல வேறு எந்த வண்டிக்கும் அவர் பார்த்ததில்லை. ஒரே மகனின் வண்டி. ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

வேலை முடிகிற தறுவாயில் ராயம்மாள் கொட்டகைக்கு வந்தாள். கேத்தரினும் அங்கே இருந்தாள்.

"மாதாவுக்கு லைட்டு எங்கங்க?"

"அதா, சுரூபத்துக்குக் கீழ. சுவிட்சப் போட்டா எரியும்."

"போட்டா எரியறதில்லீங்க. அணையவே கூடாது."

"வண்டியில ஆளு தூங்கறப்ப கட்-ஆஃபைத் திருப்பியே ஆவணும். திருப்புனா எல்லாம் அணையும். அதுக்குத்தான் அது."

"மாதாவையும் சேத்து ஆஃப் பண்ணுவீங்களா?"

"ஏன், மாதாவுக்கு இருட்டுன்னா பயமா?"

"நாக்கு அழுவிப் போவும் உங்களுக்கு" என்றாள் ராயம்மாள். "அவன் உசுரோட நிக்கறானே, அது உங்க ஃபியூஸ் போட்ட பிச்சைன்னு நெனப்பா?"

பிரவீன் டயரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். "வுடும்மா. நான் பாத்துக்கறன்" என்றான்.

அவன் பார்த்துக்கொண்டது எப்படி என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை. அப்பாவின் வேலையில் கை வைத்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று, ஃபியூஸ் பெட்டிப் பக்கமே போகாமல், முன்பக்க பேட்டரியிலிருந்து ஒல்லியான வயர் ஒன்றை எடுத்து நேராக மாதாவுக்கு இழுத்துவிட்டான். அதற்குப் பிறகு கட்-ஆஃபைத் திருப்பினாலும் சுரூபத்துக்குக் கீழே இருந்த நீல விளக்கு எரிந்தது. ராயம்மாள் வண்டி வாசலுக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வாள். செபாஸ்டின் அந்த வண்டிக்குள் அப்புறம் ஏறவில்லை. வேலை முடிந்த வண்டியைச் சொந்தக்காரர் கேட்காமல் திறந்து பார்ப்பது அவர் வழக்கமில்லை.

நடந்தது ஒரு மத்தியானம். வந்திருந்த பெங்களூர்த் தம்பதி சென்றாயனோடு பரிசலில் போயிருந்தார்கள். பிரவீன் சமைத்து முடித்து, அப்பா சொல்லிவைத்தபடி கட்-ஆஃபைத் திருப்பிவிட்டு, ஜீப்பின் பின்பக்கம் மெத்தை விரித்த பலகையில் படுத்துத் தூங்கினான். பின்கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. அவன் முன்பக்கமாக ஏறித்தான் உள்ளே போயிருந்தான். தீ பிடித்ததும் முன்பக்கம்தான். புகையைப் பார்த்துப் பரிசலைத் திருப்பிக்கொண்டு வந்த சென்றாயன் மண்ணை வாரி வாரி இறைத்தார். பிரவீன் தீக்குள்ளாகவே நுழைந்து வெளியே வந்து விழுந்தான். தர்மபுரிக்கும், அங்கிருந்து சேலத்துக்கும் கொண்டுபோனார்கள். சில நாள் உயிர் இருந்தது. பேச்சு இல்லை.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அந்தத் தம்பதி துக்கம் விசாரிக்க வந்தார்கள். இங்கிலீஷில் பேசினார்கள். கேத்தரினைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். ராயம்மாள் சுவரோடு சாய்ந்து தரையில் கிடந்தாள்.

அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள். அன்று காலை அவர்கள் கொண்டுவந்த ஏதோ ஒரு கெட்டிலை வண்டி பிளக்கில் போட்டார்களாம். அதனால்தானா? அவளுக்குத் தூக்கமே இல்லையாம். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றாள்.

கேத்தரின் அதைத் தமிழில் சொன்னாள்.

"இல்லன்னு சொல்லு பாப்பா" என்றார் செபாஸ்டின். "அதுக்கெல்லாம் ஃபியூஸ் இருந்துது. மெயின் வயருக்கு நான்தான் போடல. வயசாயிப்போச்சு, மறந்துட்டன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அப்பிடியே சொல்லு."

கேத்தரின் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். அந்த வீட்டில், ராயம்மாளின் காதில் விழுந்தும் புரியாமல், உண்மையை முழுசாகச் சொல்ல ஒரு மொழி அவளிடம் இருந்தது. சொன்னால் இரண்டு பேராவது இந்த மனிதரைச் சரியாகத் தெரிந்துகொண்டு எழுந்து போவார்கள். பெரியப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். அந்தப் பெண் மூச்சு விட்டாள். அவள் கணவனின் பார்வை செபாஸ்டின் மேல் வேறு மாதிரி விழுந்தது.

ராயம்மாளுக்குத் தமிழில் கேட்டதே போதுமாக இருந்தது. "மறந்துட்டாராம்" என்றாள் சுவரைப் பார்த்து. "ஊரான் வூட்டு லாரிக்கெல்லாம் மறக்கல. பெத்த புள்ளைக்கு மறந்துட்டாராம்." அன்றிலிருந்து அவள் அவரை அவர் இவர் என்று சொல்வதையும் விட்டாள். அந்தாளு என்றாள். சோற்றைத் தட்டில் போட்டு நடையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

வேலை குறைந்தது. பெங்களூர் வண்டிகள் சொல்லி வைத்தாற்போல் நின்றன. உள்ளூரிலும் அப்படித்தான். வேன் வைத்திருந்த குப்புராஜ் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் கேட்டார். "ஏங்க ஃபியூஸ் சாமியாரே, வூட்டுக்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டமா?" செபாஸ்டின் டீயை வைத்துவிட்டு, "வண்டிய ஒருக்கா கொண்டாங்க, பாத்துக் குடுக்கறன்" என்றார். அவருக்கு ஒரு பயம் இருந்தது. முருகனுக்கோ ஐயப்பனுக்கோ மாதாவுக்கோ அணையாத விளக்கு வேண்டும் என்று எத்தனை பேர் இப்படி நேராக இழுத்துவைத்திருக்கிறார்களோ. காரணத்தை வெளியே சொன்னால் நாலு பேர் திருந்துவார்கள். அந்த நாலு பேர் வாய் வழியாக அது ராயம்மாளிடம் வரும். அதனால் காரணம் சொல்லாமல், தான் வேலை பார்த்த ஒவ்வொரு வண்டியையும் தேடிப் போனார். சும்மா பார்க்கிறேன் என்று பானெட்டைத் திறப்பார். சாமி விளக்கு நேராகப் போயிருந்தால், பேட்டரிப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸை வைத்து, ஓட்டைக்கு ரப்பர் வாஷர் போட்டுவிட்டு வருவார். சிலர் திறக்க விடவில்லை. "உங்க கை பட்ட வண்டி போதும்ங்க" என்று ஓசூர் ரோட்டில் ஒருத்தன் சொன்னபோது கேத்தரினும் கூட நின்றாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியப்பா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

அடுத்த கோடையில், பாலக்கோடு போகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார். இடம் வந்துவிட்டது என்று கண்டக்டர் தட்டி எழுப்பியபோதுதான் தெரிந்தது. மகனுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள். ராயம்மாள் அழவில்லை. "போயி எம் புள்ளகிட்ட பதிலு சொல்லட்டும்" என்றாள். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு கேத்தரின் பெரியம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். ராயம்மாள் பிரவீனின் கல்லறையைக் கழுவி, சாமந்தி தூவி, வரிசையாக மெழுகுவத்தி ஏற்றினாள். அடுத்த கல்லறையில் கோரைப்புல் முளைத்திருந்தது. கேத்தரின் புல்லைப் பிடுங்கிவிட்டு அங்கே ஒரு வத்தியை வைத்தாள்.

"அந்தாளுக்கு எதுக்குடி?" என்றாள் ராயம்மாள். ஆனால் எடுத்துப் போடவில்லை. பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்து, தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அவள் அப்புறமும் எழுந்திருக்காமல் அந்த வத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பாப்பா. அத்தன வண்டிக்கு வேல பாத்தவரு. ஒருத்தனுக்கும் மறந்தவரில்ல. எம் புள்ள வண்டிக்கு மட்டும் எப்பிடிடி மறந்தாரு? ஒங்கிட்டதான் எல்லாம் பேசுவாரு. ஏதாச்சும் சொன்னாரா?"

அவரை இப்படி மரியாதையாக அவள் சொல்லிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கேத்தரின் சரியவிருந்த வத்தியை நிமிர்த்தி வைத்தாள். ஒரே ஒரு வாக்கியம்தான். சொன்னால் அவருக்கு அவர் பேர் திரும்பக் கிடைக்கும். கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு, மாதாவுக்கு நேர்ந்த பொருத்தனையும் பிள்ளையும் ஒரே வயரில் எரிந்தது தெரிந்துவிடும்.

"வயசாயிடுச்சுங்க பெரியம்மா" என்றாள். "மறந்துட்டாருங்க."

ராயம்மாள் தலையை ஆட்டினாள். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

ஓசூர் ரோட்டில் அந்த ஆள் பானெட்டைத் திறக்க விடாமல் அனுப்பிய சாயங்காலம், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது செபாஸ்டின் கேத்தரினிடம் கேட்டது ஒன்று உண்டு. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர் என்பதால், கேட்க அவருக்கு நேரம் பிடித்தது.

"பாப்பா, எனக்கு ஒரே ஒரு ஒதவி பண்ணு. நான் செத்துப் போனா உங்க பெரியம்மாவுக்கு மனசு எளகும். அன்னிக்கு வந்து ஒங்கிட்டதான் கேப்பா. என்னைய நல்லவனாக்கறன்னு நெனச்சு வாயத் தொறந்துடாத. எம்மேல கோவமாவே இருக்கட்டும். அந்தக் கோவம் இருந்தாத்தான் அவ எந்திரிச்சு ஒரு வாயி சோறு திம்பா."